அருந்ததி கட்டிய ரயில் பாதை

பரந்தன் சந்திக்குத் தெற்கே, ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீடு ஒன்றில் அருந்ததி தன் தாயோடும் தம்பியோடும் இருந்தாள். அவளுக்கு முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை. விடியும் முன்னரே வாகனம் வந்து சந்தியில் ஏற்றிக்கொண்டு போகும். முகத்துக்குத் தடித்த கண்ணாடி மறைப்பும் நெஞ்சுக்குப் பாரமான கவசமும் மாட்டி, வெயிலில் முழங்காலில் நின்று, சின்ன வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கவேண்டும். நாள் முழுக்கச் செய்தாலும் சில பாய்கள் விரிக்கும் இடம்தான் துப்புரவாகும். அவசரக்காரருக்கு அந்த வேலை சரிவராது. அருந்ததி அதில் சேர்ந்து வருடக் கணக்காகிவிட்டது. கூட வேலை செய்தவர்கள் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, வேலையை விட்டுப் போனார்கள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள். தம்பியை எங்காவது ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாம்தானே என்று அவர்கள் ஒரு பேச்சுக்குச் சொன்னதோடு அந்தக் கதைகள் முடிந்துபோயின.

தம்பி கிருபன் அவளைவிட ஐந்து வயது இளையவன். 2009 ஆம் ஆண்டு, குடும்பம் இரணைப்பாலையில் பதுங்குகுழிக்குள் இருந்தபோது குழியின் வாசலில் ஷெல் விழுந்தது. தகப்பன் வீரையா அந்த இடத்திலேயே போனார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுபையனாக வந்து, காடு வெட்டி, கிணறு வெட்டி, கடைசிவரை மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்ற மனிதர். பன்னிரண்டு வயதுக் கிருபனுக்குத் தலையில் ஒரு சிறு இரும்புத் துண்டு ஏறியது. வவுனியா ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், அதை எடுக்கப் போனால் ஆளே மிஞ்சமாட்டான், இருக்கும் இடத்தில் இருக்கட்டும் என்றார். கிருபன் பிழைத்தான். தோள் அகன்றது, தாடி வளர்ந்தது. மனம் மட்டும் அந்தப் பன்னிரண்டு வயதுக்கும் கொஞ்சம் கீழே போய் நின்றுகொண்டது. இடையிடையே வலிப்பு வரும். இரண்டு நேரமும் குளிசை போடவேண்டும்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் ரயில் திரும்ப வந்தது. அதற்கு முன் இருபத்து நான்கு வருடங்கள் பரந்தனில் ரயில் இல்லை. தண்டவாளமே இல்லை, எல்லாம் கிளப்பிப் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டது. ஆகவே அந்தப் பக்கத்தில் அவர்கள் வயதில் எவரும் கண்ணால் ரயிலைக் கண்டதில்லை. முதல் ரயில் வந்த அன்று ஊரே போய் நின்றது. மற்றவர்களுக்கு அந்தப் புதினம் ஒரு கிழமையில் அடங்கிவிட்டது. கிருபனுக்கு அடங்கவில்லை. கோச்சி என்றுதான் அவன் ரயிலைச் சொல்வான்.

ஒவ்வொரு நாளும் காலையில் சாப்பிட்ட கையோடு ரயில் கடவைக்குப் போய்விடுவான். அங்கே ஒரு தகரக் கொட்டிலில் நேசமலர் என்ற பெண் கடவைக் காவலராக இருந்தாள். புருஷனை யுத்தத்தில் இழந்தவள். ரயில் வரும் நேரம் மூங்கில் தடியை இறக்கி, சிவப்புக் கொடியைப் பிடித்து வாகனங்களை நிறுத்துவது அவள் வேலை. கிருபன் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தின் கீழ் குந்திக்கொண்டு காத்திருப்பான். ரயில் போனதும் எழும்பமாட்டான். அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பான்.

"அவன் தன்ரை பாட்டிலை இருக்கிறான். ஒரு கரைச்சலும் இல்லை" என்று நேசமலர் சொல்லியிருந்தாள். அருந்ததி நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தாள்.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில், நேசமலர் கடவையின் மறுபக்கத்தில் ஒரு லொறிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம், கிருபன் எழுந்து போய்த் தண்டவாளத்தின் நடுவில் நின்றுவிட்டான். சாரதி ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு பிரேக் போட்டார். பரந்தனை நெருங்கும் இடமாதலால் ரயில் மெதுவாக வந்திருந்தது. அதனால் உயிர் தப்பியது. எஞ்சின் அவனுக்கு ஒரு வீட்டு முற்றம் அளவு தூரத்தில் வந்து நின்றது. கிருபன் விலகவே இல்லை. சிரித்துக்கொண்டு நின்றானாம்.

அன்று பின்னேரம் பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கடுமையான ஆள் இல்லை. "அம்மா, இனி ஒருக்கா இப்பிடி நடந்தால் நான் ஒண்டும் செய்ய ஏலாது. ஒண்டில் வீட்டிலை வைச்சுப் பாருங்கோ, இல்லாட்டி ஒரு இல்லத்திலை சேருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை ஒரு நாள் அருந்ததி வேலை முடிந்து வந்தபோது கிருபன் தன் அறையில் நிலத்தில் இருந்தான். வலது கணுக்காலில் மாட்டுக் கயிறு. மறுமுனை கட்டில் காலில். கயிறு உரசிய இடத்தில் தோல் கழன்றிருந்தது. அவன் அழவில்லை. தொலைவில் ரயில் போகும் சத்தம் கேட்டபோது மட்டும் கயிற்றைப் பார்த்தான்.

"என்னம்மா இது?"

தாய் சுப்பம்மா குசினி வாசலில் நின்றாள். வீரையாவைப் போல மலையகத்திலிருந்து வந்தவள், அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கி, சுவரைப் பிடித்துத்தான் அவளால் நடக்க முடியும். "நான் என்னா செய்யிறது புள்ள? கெணத்தடிக்குப் போயிட்டு வாறதுக்குள்ள ஓடிருறான். என் காலு அவன் பின்னாடி ஓடுற காலா? நீ வேலைக்குப் போயிருற. நான் புள்ளய ரெயிலுக்குக் குடுக்கவா?"

அருந்ததி கயிற்றை அவிழ்த்தாள். காலைக் கழுவி மருந்து போட்டாள். பிறகு நிலத்தில் அவன் பக்கத்தில் இருந்துகொண்டு, "கோச்சியை வீட்டுக்குக் கொண்டு வாறன். நீ இனி அங்கை போகக்கூடாது. சரியோ?" என்றாள்.

"வீட்டுக்கு வருமோ?"

"வரும்."

சனிக்கிழமை கிளிநொச்சிக்குப் போய் விளையாட்டுச் சாமான் கடையில் பற்றரியில் ஓடும் ஒரு ரயில் வாங்கி வந்தாள். வட்டமான பிளாஸ்டிக் பாதை, மூன்று பெட்டி, முன்னால் சிவப்பு எஞ்சின். கிருபன் அது நாலைந்து சுற்றுச் சுற்றுவதைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது கோச்சி இல்லை அக்கா."

"ஏன்டா?"

"இது போகேல்லை. சுத்துது." அவன் சொல்லத் தெரியாமல் கையைக் காட்டி விளக்கினான். "கோச்சி எண்டால் போகவேணும். போய் இல்லாமல் போகவேணும். பிறகு நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கவேணும். பிறகு வரவேணும்."

அருந்ததி அதை வேலைத்தளத்தில் இருந்தபோதும் யோசித்தாள். ரயிலைப் பார்ப்பது ஒரு நிமிடம். அவன் மற்ற நேரமெல்லாம் செய்தது காத்திருந்ததுதான். ரயில் வந்து போகும் ஒரு பாதை வேண்டும் என்று அவளுக்கு விளங்கியது.

அதே மாதிரி விளையாட்டு ரயில் இன்னும் இரண்டு வாங்கினாள், பாதைத் துண்டுகளுக்காக. லீவு நாளில் உளியும் சுத்தியலும் எடுத்து, கிருபனின் அறைக்கும் தாயின் அறைக்கும் நடுவில் இருந்த சுவரின் அடியில், ஒரு பூனை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டாள். சுப்பம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வீட்டத் தந்தவங்க பாத்தா என்னா சொல்லுவாங்க? செவுத்தப் போய் இடிக்கிறியே புள்ள" என்று நாள் முழுக்க முணுமுணுத்தாள். அருந்ததி நிறுத்தவில்லை. இரண்டு அறையிலும் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, பாதையை நீட்டினாள். ரயில் கிருபனின் அறையில் ஒரு வளைவு எடுத்து, நேராக ஓடி, சுவருக்குள் நுழைந்து மறையும். தாயின் கட்டிலுக்குக் கீழே போய் அங்கே ஒரு வளைவு எடுத்து, மறுபடி ஓட்டையால் வெளியே வரும்.

மோட்டார் இரண்டு கிழமையில் எரிந்துபோனது. பரந்தன் சந்தியில் எரிந்த மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்த யோகலிங்கத்திடம் கொண்டுபோனாள். தண்ணி பம்பும் மின்விசிறியும் திருத்தும் மனிதர். கையளவு எஞ்சினைப் பார்த்துச் சிரித்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார்.

"தங்கச்சி, பற்றரியிலை இது நிண்டு பிடியாது. நான் கரண்டிலை ஓட வைச்சுத் தாறன். மெதுவாப் போக ஒரு சுவிச்சும் போடுவம். ஆனால் பழுதானால் ஒவ்வொரு தரமும் இஞ்சை கொண்டு வர ஏலுமே? இருந்து பாத்துப் பழகுங்கோ."

அவள் பழகினாள். வேலை முடிந்து வரும் வழியில் அரை மணி நேரம் அவர் கடையில் இருந்து, கம்பி சுற்றவும் ஈயம் உருக்கி ஒட்டவும் கற்றுக்கொண்டாள். சுரண்டிச் சுரண்டிப் பழகிய கைகளுக்கு அது வராமல் போகவில்லை. சிவப்பு எஞ்சினின் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தகரத்தை வெட்டி, கடவையில் போகும் ரயிலைப் போல நீல எஞ்சின் செய்தாள். பெட்டிகளை மட்டையில் செய்தாள். கிருபன் பக்கத்தில் இருந்துகொண்டு வேலை வாங்கினான். தண்டவாளத்துக்குக் கீழே கல் இல்லை என்றான். தெருவோரக் கல்லுக் குவியலில் அள்ளி வந்து, மா அரிக்கும் சல்லடையில் அரித்து, பொடிக் கல்லைப் பசை பூசி ஒட்டினாள். பனை வேண்டும் என்றான். ஈர்க்கில் பச்சைப் பொலித்தீன் பையை வெட்டி ஓலையாகக் கட்டினாள். வாய்க்கால், கடவை, மூங்கில் தடி, நேசமலர் அக்காவின் தகரக் கொட்டில், கையில் கொடியோடு நேசமலர் அக்கா.

"நான் எங்கை?"

வேப்பமரத்தின் கீழ் குந்தியிருக்கும் ஒரு களிமண் ஆளைச் செய்து வைத்தாள். கிருபன் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனைத் திருப்திப்படுத்த முடியவில்லை. எஞ்சினில் ட்றைவர் இல்லை என்றான். சன்னலில் ஒரு முகம் கீறி ஒட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "கை இல்லை" என்றான். கையும் சேர்த்துக் கீறினாள். "உள்ளுக்கு இல்லை அக்கா. வெளியிலை." எஞ்சினுக்கு வெளியே கை நீட்டிக்கொண்டிருந்தால் சுவர் ஓட்டையில் இடிபடும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். அவன் பிறகு கேட்கவில்லை.

கடவைக்குப் போவதும் நின்றது. காலையில் சாப்பிட்டுவிட்டுத் தன் அறையில் நிலத்தில் இருந்து சுவிச்சைப் போடுவான். நீல ரயில் சுவருக்குள் போய் மறையும். அவன் கழுத்தை நீட்டி ஓட்டையையே பார்த்துக்கொண்டிருப்பான். அது தலையை வெளியே நீட்டும்போது இரண்டு தரம் "பூம், பூம்" என்று வாயால் ஹோர்ன் அடிப்பான். சுப்பம்மா முணுமுணுப்பதை விட்டுவிட்டாள். தன் கட்டிலுக்குக் கீழே ரயில் ஓடும் சத்தம் கேட்டால் மகன் வீட்டில் இருக்கிறான் என்று அவளுக்கு அர்த்தம். குசினியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் அந்தச் சத்தத்துக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். கயிற்றை மாட்டுக்காரர் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. கிருபன் கொஞ்சம் உடம்பு வைத்தான். முகம் வெளிறியது. வெயிலில் அலையாததால் நிறம் வந்திருக்கிறது என்று அக்கம்பக்கம் சொன்னார்கள். அருந்ததியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

ஆவணி மாதம் ஒரு நாள், வெடி அகற்றும் இடத்தில் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னரே மேற்பார்வையாளர் எல்லைக் கோட்டுக்கு வெளியே வந்து நின்று அவள் பெயரைக் கூப்பிட்டார். வேலை நேரத்தில் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அருந்ததி வாரியைக் கீழே வைத்தாள். முகமறைப்பைக் கழற்றும்போதே அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. வாகனத்தில் ஏறிய பிறகுதான் கேட்டாள், "அம்மாவோ, தம்பியோ?"

"தம்பி" என்றார் அவர்.

நடந்தது இதுதான். சுப்பம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தாள். கட்டிலுக்குக் கீழே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மகன் விளையாடுகிறான் என்று நினைத்து அவனுடைய அறையை எட்டிப் பார்க்காமல் குசினிக்குப் போனாள். தேங்காய் துருவினாள். சோறு வடித்தாள். ரயில் போவதும் வருவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் கூப்பிட்டுக்கொண்டே சுவரைப் பிடித்து நடந்துபோய்ப் பார்த்தபோது கிருபன் பலகைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தான். வலிப்பு வந்து, முகம் பாய்க்குள் புதைந்து, மூச்சு அடங்கியிருந்தது. உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது. நீல ரயில் அவன் கையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று சுப்பம்மாவுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் நிறுத்தினார்.

செத்த வீட்டில் அருந்ததி அழவில்லை என்று சிலர் கதைத்தார்கள். வந்தவர்களுக்குக் கதிரை போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள், தம்பியைக் குளிப்பாட்டி வேட்டி கட்டிவிட்டாள். கணுக்காலில் கயிறு உரசிய தழும்பு இன்னும் இருந்தது. அதைக் கண்டபோது மட்டும் கொஞ்ச நேரம் கையை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் நேசமலர் வந்தாள். சுப்பம்மாவோடு இருந்து அழுதுவிட்டு, அருந்ததியின் பின்னால் கிணற்றடிக்குப் போனாள்.

"பிள்ளை, உன்னட்டை ஒண்டு சொல்லவேணும். சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது."

"சொல்லுங்கோ அக்கா."

"கிருபனுக்கு அங்கை ஒரு ஆள் இருந்தவர்."

அருந்ததிக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு அவன் தண்டவாளத்திலை நிக்க, ரயிலை நிப்பாட்டினாரே, அந்த ட்றைவர். அனுராதபுரத்துச் சிங்கள ஆள். வயசு போனவர். அதுக்கு முதலே இவனை அவருக்குத் தெரியும். வேப்பமரத்தடியிலை இவனைக் கண்டால் ரெண்டு தரம் ஹோர்ன் அடிச்சு, கையை வெளியிலை நீட்டிக் காட்டிக்கொண்டு போவார். இவன் எழும்பி நிண்டு ரெண்டு கையையும் காட்டுவான். அவர் எல்லா நாளும் வாறேல்லை. எந்த நாள் வருவார் எண்டு தெரியாததாலைதான் இவன் ஒவ்வொரு நாளும் வந்து இருந்தவன். அண்டைக்கும் அவரின்ரை ஹோர்ன் சத்தத்தைக் கேட்டுத்தான் எழும்பிப் போயிருக்கிறான்."

அருந்ததி கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள்.

"இவன் வாறது நிண்ட பிறகு, எதிர் ரயிலுக்கு வழி விட அவரின்ரை ரயில் கடவைக்குப் பக்கத்திலை சிக்னலுக்கு நிக்கிற நாளிலை என்னட்டைக் கேப்பார். 'தம்பி கோ? தம்பி கோ?' எண்டு, தம்பி எங்கை எண்டு. வீட்டிலை நல்லா இருக்கிறான் எண்டு கையாலை காட்டுவன். நிக்கிற நேரமெல்லாம் கேப்பார் பிள்ளை. ஒரு வருசமாக் கேட்டவர்."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ இரங்கித் திரும்ப அவனை விட்டிடுவாய் எண்டு பயந்தனான். என்ரை கண்ணுக்கு முன்னாலை அவன் அடிபட்டுச் சாகிறதை என்னாலை பாக்க ஏலாது. ஒருக்கா பாத்தது போதும்."

நேசமலர் சொன்னதில் பொய் இல்லை, தப்பும் இல்லை. அதனால்தான் அருந்ததிக்கு யார்மேலும் கோபப்பட முடியவில்லை. எஞ்சினுக்கு வெளியே ஒரு கை வேண்டும் என்று அவன் கேட்டது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அன்றுதான் அவள் அழுதாள். கிணற்றடியில் இருந்தபடியே, சத்தம் வராமல், நேசமலரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பினாள். மூன்றாம் கிழமை ஒரு முற்பகல், மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். தன் கை எவ்வளவு நேரமாகத் தானாக ஓடிக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியாகச் சுரண்டிய ஒரு முழம் நிலத்தை அவள் கண் பார்த்திருக்கவே இல்லை. அதற்குள் ஏதும் இருந்திருந்தால் அவ்வளவுதான். எழுந்து, வந்த தடத்திலேயே பின்னால் நடந்து போய், "என்னாலை இனி ஏலாது ஐயா" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அவர் சில நாள் ஓய்வெடுத்து வரும்படி சொல்லிப் பார்த்தார். அவள் கவசத்தைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது யோகலிங்கத்தின் கடையில் மோட்டார் சுற்றுகிறாள். போகத்துக்குப் போகம் கமக்காரர் கொண்டுவரும் தண்ணி பம்புகள் வாசலில் வரிசையாகக் கிடக்கும். அவள் தலை நிமிராமல் வேலை செய்வாள். யோகலிங்கம் தேவையில்லாமல் கதை கொடுப்பதில்லை. அது அவளுக்கு வசதியாக இருக்கிறது.

வீட்டில் பாதையைக் கழற்றலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் பலகைக்குப் பக்கத்தில் இருந்தாள். கல் ஒட்டிய துண்டு ஒன்றை எடுக்கப் போனபோது சுப்பம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"எடுக்கப் போறியா?"

"ஓம் அம்மா. இருந்து என்ன செய்யிறது?"

சுப்பம்மா மெதுவாக நிலத்தில் இருந்தாள். அப்படி நிலத்தில் இருந்தால் அவளால் தனியாக எழும்ப முடியாது. "சத்தம் கேட்டுச்சு புள்ள. ஓடிக்கிட்டு இருந்திச்சு. அதான் நான் பாக்கல. பாத்திருந்தா நிமித்திப் போட்டிருப்பேன். கயித்தால கட்டினவளும் நான். பாக்காம விட்டவளும் நான்."

"நானும் கட்டித்தான் வைச்சிருந்தன் அம்மா" என்றாள் அருந்ததி.

சுப்பம்மா இல்லை என்று தலையாட்டினாள். "அவன் சிரிச்சான். நீ செஞ்சு குடுத்ததப் பாத்து வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சான். நான் பாத்தேன்."

வெளியே யாரோ வயல் பக்கமிருந்து மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போனார்கள். சுப்பம்மா மகளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவனுக்கு வலிச்சிருக்குமா புள்ள?"

அருந்ததிக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டாள்.

"இல்லை அம்மா. ஒண்டும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"மெய்யாவா?"

"மெய்தான்."

சுப்பம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அருந்ததி எழுந்து, தாயின் கக்கத்தில் கை கொடுத்து அவளைத் தூக்கி நிறுத்தினாள்.